யூகே ஹோம் கேர் விசா: புதுசா போறவங்களுக்கும் ஏற்கனவே போய் மாட்டிக்கிட்டவங்களுக்கும்

தம்பி, நீங்க கேட்டதுல முக்கியமா ரெண்டு கேள்வி இருக்கு, ரெண்டுக்கும் பதில் வேற வேற, அதனால பிரிச்சே சொல்றேன். ஒண்ணு, தங்கச்சி ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமா) முடிச்சிட்டு ஆஸ்பத்திரில வேலை பாக்கறாங்க, ஏஜென்ட் ஒருத்தர் 16 லட்சம் குடுத்தா வீட்டுல வயசானவங்கள பாத்துக்கற வேலைக்கு யூகே ஒர்க் பெர்மிட் வாங்கித் தரேன், ஹோம் கேருக்கு மட்டும் ஸ்பெஷல் கோட்டா இன்னும் இருக்குன்னு சொல்றார், நம்பலாமா. ரெண்டாவது, உங்க சித்தி பையன் ரெண்டு வருஷம் முன்னாடியே அதே விசாவுல அங்க வந்துட்டார், இப்போ கம்பெனி ஒழுங்கா ஹவர்ஸ் குடுக்கறதில்ல, வேற இடம் மாறலாமா, மாறினா விசா போயிடுமா. நான் இங்க யூகேல ஹோம் கேர்ல ரோட்டா, அதாவது யாரு எப்போ எந்த வீட்டுக்குப் போகணும்ங்கற அட்டவணை, போடற வேலைல இருக்கேன், இந்த ரெண்டு கதையும் வாரா வாரம் காதுல விழுது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல தங்கச்சி விஷயம். அந்த ஏஜென்ட்டுக்கு ஒரு ரூபா குடுக்காதீங்க. அட்வான்ஸ் மட்டும் போதும்னாலும் குடுக்காதீங்க, ஒரிஜினல் சர்டிபிகேட்ட மட்டும் குடுத்துட்டுப் போங்கன்னாலும் குடுக்காதீங்க. 2025 ஜூலை 22-லேந்து வெளிநாட்டுல இருந்துக்கிட்டு கேர் ஒர்க்கர், சீனியர் கேர் ஒர்க்கர் வேலைக்கு புதுசா யூகே விசா வாங்க முடியாது. கேர் ஹோம்ல வேலையா இருந்தாலும் சரி, வீடு வீடா போற டொமிசிலியரி கேரா இருந்தாலும் சரி, விசா கணக்குல ரெண்டும் ஒரே வேலைக் கோடுதான், 6135, சீனியருக்கு 6136. அந்தக் கோடுக்கே வெளிநாட்டு ஆள் எடுக்கறத நிறுத்திட்டாங்க, அதுக்குள்ள ஹோம் கேருக்குன்னு தனியா எந்தக் கோட்டாவும் கிடையாது.

இப்படி மூடற அளவுக்கு ஏன் போச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா ஏஜென்ட் பேச்சு எங்கேந்து வருதுன்னும் புரியும். சாதாரண கேரருக்கு இந்த விசா வந்ததே 2022 பிப்ரவரி 15-லதான். பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் ஐரோப்பாலேந்து ஆள் வரது கொறஞ்சுது, கொரோனால இருந்த ஆளும் களைச்சுப் போயி வேலைய விட்டாங்க, வயசானவங்க வீட்டுல எழுப்பி உக்கார வைக்க ஆள் இல்லாம கவுன்சில்லாம் (நம்ம ஊரு நகராட்சி மாதிரி) திணறினப்போ ஹெல்த் அண்ட் கேர் விசாவுல இந்த வேலையையும் சேத்தாங்க. நம்ம ஊரு, கேரளா, இலங்கை, நைஜீரியா, ஜிம்பாப்வேன்னு ஆளுங்க வந்தாங்க. ஆனா கம்பெனிகளுக்கு ஸ்பான்சர் லைசென்ஸ், அதாவது வெளிநாட்டு ஆள எடுக்கற அனுமதி, குடுத்தப்போ யாரு என்னன்னு சரியா பாக்கல. 2024 மார்ச்சுல வெளிவந்த குடியேற்றத்துறை தலைமை ஆய்வாளரோட ரிப்போர்ட்ல, இல்லவே இல்லாத ஒரு கேர் ஹோம் பேருல 275 ஸ்பான்சர்ஷிப் சர்டிபிகேட் போயிருக்குன்னு இருக்கு, வெறும் 4 பேர் வேலை பாக்கறாங்கன்னு எழுதிக் குடுத்த இன்னொரு கம்பெனிக்கு 1,234 குடுத்திருக்காங்க. அந்த ஒவ்வொரு சர்டிபிகேட்டுக்குப் பின்னாடியும் நகைய அடகு வச்ச ஒரு வீடு இருந்திருக்கலாம், நினைச்சாலே வயிறு எரியுது. அப்புறம் பிடிய இறுக்க ஆரம்பிச்சாங்க. 2024 மார்ச் 11-லேந்து புதுசா வர கேரர் புருஷன், பொண்டாட்டி, புள்ளைங்கள கூட்டிட்டு வரக்கூடாது, இங்கிலாந்துல ஸ்பான்சர் பண்ற கம்பெனி சிக்யூசில (கேர் கம்பெனிகள சோதிக்கற அமைப்பு) பதிவு ஆயிருக்கணும்னு ஆச்சு. 2022 ஜூலைலேந்து 2024 டிசம்பர் வரைக்கும் கேர் துறைல மட்டும் 470-க்கு மேல லைசென்ஸ ரத்து பண்ணினாங்க, அந்தக் கம்பெனிகளோட சம்பந்தப்பட்ட தொழிலாளிங்க 39,000-க்கு மேலன்னு அரசாங்கமே சொல்லுது. ஏமாத்தினது கம்பெனியும் ஏஜென்ட்டும், நடுரோட்டுல நின்னது வேலை தேடி வந்தவங்க. அதுக்கு அப்புறம்தான் 2025 மே மாச வெள்ளை அறிக்கை, ஜூலைல மொத்தமா மூடல்.

அப்போ இந்த ஏஜென்ட் 16 லட்சத்துக்கு எதத்தான் விக்கறார்னு கேட்டீங்கன்னா, நான் பாத்த வரைக்கும் நாலு விதம். ஒண்ணு, போலி சிஓஎஸ். சிஓஎஸ்ங்கறது மேல சொன்ன ஸ்பான்சர்ஷிப் சர்டிபிகேட்தான், கம்பெனி ஹோம் ஆபிஸ் (யூகே உள்துறை) சிஸ்டம்ல உருவாக்கற ஒரு ரெபரன்ஸ் நம்பர், அத பிடிஎஃப்ல லோகோ போட்டு யாரு வேணா அடிச்சுத் தரலாம், அத வச்சு அப்ளை பண்ணா ரிஜெக்ட் ஆறது மட்டுமில்ல, ஏமாத்தப் பாத்தாங்கன்னு முடிவு பண்ணிட்டா 10 வருஷம் தடையும் வரும், ஏஜென்ட்டுக்கு இல்ல, தங்கச்சிக்கு. ரெண்டாவது, விசிட்டர் விசாவுல அனுப்பிட்டு அங்க போயி மாத்திக்கலாம்னு சொல்றது, விசிட்டர் விசாவுலேந்து வேலை விசாவுக்கு உள்ளேந்தே மாறவே முடியாது. மூணாவது, டொமஸ்டிக் ஒர்க்கர் விசா. வீட்டுக்காரங்களே நேரடியா ஸ்பான்சர் பண்ணுவாங்கன்னு ஆசை காட்டுவாங்க, தனிப்பட்ட ஒரு குடும்பம் கேரருக்கு ஸ்பான்சர் பண்ண சட்டத்துல இடமே இல்ல. டொமஸ்டிக் ஒர்க்கர் விசாங்கறது வெளிநாட்டுல ஏற்கனவே ஒரு வருஷமாவது ஒரு குடும்பத்துக்கிட்ட வேலை பாத்தவங்க அந்தக் குடும்பத்தோட கூட வரதுக்கு, 6 மாசம்தான், நீட்டிக்க முடியாது.

நாலாவது கொஞ்சம் நிஜம் கலந்தது, அதனாலதான் ஆபத்து. ஸ்டூடண்ட் விசாவுல போங்க, அங்க போயி கேர் கம்பெனில சேந்து மாறிக்கலாம்னு சொல்வாங்க. யூகேக்குள்ள ஏற்கனவே இருக்கறவங்க கேர் விசாவுக்கு மாற 2028 ஜூலை 22 வரைக்கும் வழி வச்சிருக்காங்கறது உண்மை. ஆனா அதுக்கு அந்தக் கம்பெனிலயே சட்டப்படி 3 மாசமாவது வேலை பாத்திருக்கணும், அப்புறம்தான் அவங்க சிஓஎஸ் போட முடியும், படிப்ப முடிக்காம ஸ்டூடண்ட் விசாவுலேந்து மாற முடியாது, படிக்கும்போது டேர்ம் நேரத்துல வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை, பீஸ் லட்சக்கணக்குல, அது மேல கம்பெனிகளுக்கு வேற ஒரு கட்டாயம் இருக்கு, இங்கிலாந்துல ஸ்பான்சர் இழந்து நிக்கற கேரருங்கள எடுக்க முதல்ல முயற்சி பண்ணினோம்னு காட்டணும், அதுக்கு அப்புறம்தான் மத்தவங்களுக்கு. இத்தனையும் தாண்டி வேலை கிடைச்சு மாறினாலும் குடும்பத்த கூட்டிட்டு வர முடியாது. இத நம்பி 20, 25 லட்சம் கடன் வாங்கிப் போறது வேண்டாம்ங்கறதுதான் என் கருத்து.

தங்கச்சிக்கு இதவிட நேரான வழி இருக்கு, அதத்தான் ஏஜென்ட் சொல்ல மாட்டார், ஏன்னா அதுல அவருக்குப் பெருசா காசு இல்ல. அவங்க ஜிஎன்எம், நர்சிங் கவுன்சில்ல பதிவு இருக்கும், அப்போ நர்ஸாவே போகலாமே. நர்ஸ் வேலை அந்த ஜூலை மாத்தத்துல அடிபடல, குடும்பத்தையும் கூட்டிட்டுப் போகலாம். இங்க என்எம்சில (யூகே நர்சிங் கவுன்சில்) பதிவு பண்ணணும், அதுக்கு இங்கிலீஷ் டெஸ்ட், ஐஈஎல்டிஎஸ்னா ரைட்டிங்ல 6.5, மத்த மூணுலயும் 7, இல்லன்னா மருத்துவத் துறைக்குன்னு இருக்கற ஓஈடி டெஸ்ட்ல பி கிரேடு, ரைட்டிங்ல மட்டும் சி பிளஸ் போதும். அப்புறம் இந்தியாலயே கம்ப்யூட்டர்ல எழுதலாம்ங்கற சிபிடி பரீட்சை, கடைசியா யூகேல நேர்ல செஞ்சு காட்டற ஆஸ்கி பரீட்சை. இப்போ என்எச்எஸ்ல (யூகே அரசு மருத்துவ சேவை) வெளிநாட்டு நர்ஸ் எடுக்கறது 2022, 2023 அளவுக்கு இல்ல, அதனால இன்னைக்கு நாளைக்குன்னு நடக்காது, ஒன்றரை ரெண்டு வருஷம்னு மனசுல வச்சுக்கிட்டு முதல்ல இங்கிலீஷ் டெஸ்ட முடிக்கச் சொல்லுங்க. டெஸ்ட் ஸ்கோர் கைல இருந்தா அயர்லாந்து மாதிரி வேற நாடு பாக்கறதுக்கும் அது உதவும்.

ஏஜென்ட் வச்சே ஆகணும்னா, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கறவங்க 1983 குடிபெயர்வுச் சட்டப்படி லைசென்ஸ் வாங்கியிருக்கணும், இ-மைக்ரேட் சைட்ல பேர போட்டுப் பாத்தா தெரிஞ்சிடும். அவங்க தொழிலாளி கிட்ட வாங்கக் கூடிய சர்வீஸ் சார்ஜ் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். 16 லட்சம் எங்க, 30,000 எங்க. தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னைல இருக்கு, நர்ஸ் வேலைக்கெல்லாம் ஆள் எடுப்பாங்க, அங்க பதிவு பண்ணி வைக்கச் சொல்லுங்க.

இப்போ சித்தி பையன் விஷயம், இதுதான் அவசரம்.

இந்த விசாவோட உயிர் எங்க இருக்குன்னு முதல்ல புரியணும். இங்க நம்ம கைல இருக்கற அனுமதி நம்ம பேருல இருந்தாலும் அது ஒட்டிக்கிட்டு இருக்கறது கம்பெனியோட லைசென்ஸ்லயும் அவங்க போட்ட சிஓஎஸ்லயும்தான். அதுல எந்தக் கம்பெனி, எந்த வேலைக் கோடு, வாரத்துக்கு எத்தன மணி நேரம், வருஷத்துக்கு எவ்வளவு சம்பளம் எல்லாம் எழுதியிருக்கும். அந்தக் காகிதத்துல இருக்கறபடி வேலை நடக்கணும், அது ரெண்டு பக்கத்துக்கும் கட்டாயம், ஆனா நம்ம ஆளுங்க அது தங்களுக்கு மட்டும் போட்ட கட்டுன்னு நினைச்சு பயந்துக்கிட்டே இருக்காங்க. புதுசா சிஓஎஸ் போடணும்னா 2025 ஏப்ரல் 9-லேந்து வருஷத்துக்கு 25,000 பவுண்டுக்குக் கீழ போட முடியாது, வாரத்துக்கு 37.5 மணி நேரம்னு வச்சா மணிக்கு 12.82 பவுண்டு. அதுக்கு முந்தின வருஷம் 23,200-ஆ இருந்துது. இவரோட சிஓஎஸ்ல என்ன போட்டிருக்குன்னு இவர் பாத்தாரான்னே எனக்கு சந்தேகம், நிறைய பேரு கிட்ட அந்தப் பேப்பரே இருக்காது, ஏஜென்ட் கிட்ட இருக்கும். கம்பெனி கிட்ட எழுத்துல கேட்டு வாங்கச் சொல்லுங்க.

ஹவர்ஸ் ஏன் கொறையுதுன்னா, ஹோம் கேர்ல வேலைங்கறது கவுன்சில் குடுக்கற பேக்கேஜ பொறுத்தது. ஒரு பாட்டிக்கு காலைல 45 நிமிஷம், மதியம் 30, சாயங்காலம் 30, ராத்திரி படுக்க வைக்க 30, இதுதான் ஒரு பேக்கேஜ். பாட்டி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்கன்னா அந்த மணி நேரம் மொத்தமும் ரோட்டாலேந்து போயிடும், பணமும் நிக்கும். சில கம்பெனி கைல பேக்கேஜே இல்லாம லைசென்ஸ மட்டும் வாங்கி ஆள கொண்டாந்துட்டு, வந்தப்புறம் டிரைவிங் லைசென்ஸ் எடு, கார் வாங்கு, அப்போதான் ரன் (வரிசையா போக வேண்டிய வீடுங்க) தருவேன்னு சொல்றதும் நடக்குது. இந்திய லைசென்ஸ் இங்க வந்து ஒரு வருஷம்தான் செல்லும், அப்புறம் இங்கத்த டெஸ்ட் பாஸ் பண்ணணும், இது கிளம்பும்போது யாரும் சொல்றதில்ல.

நாள் எப்படிப் போகும்னு பாருங்க. காலைல 7 மணிக்கு முதல் வீடு, போன்ல ஆப்புல லாகின், ஐயாவ எழுப்பி, பேட் மாத்தி, குளிப்பாட்டி, டோஸ்ட் டீ குடுத்து, மாத்திரை சாப்டதும் சார்ட்ல எழுதி, லாக்அவுட். அடுத்த வீடு 20 நிமிஷ டிரைவ், அங்க ஹாய்ஸ்ட் வச்சுத் தூக்கணும், ரெண்டு பேர் சேந்து பாக்க வேண்டிய டபுள் அப் கால், கூட வர வேண்டிய கேரர் லேட்டு, வாசல்ல நிக்கணும். 11-லேந்து 12.30 வரைக்கும் கேப், கார்லயே சாப்பாடு. கடைசி பெட் கால் ராத்திரி 9.30-க்கு. வீட்ட விட்டு 15 மணி நேரம் வெளில, பேஸ்லிப்ல 8 மணி நேரம். இதுல சட்டம் என்ன சொல்லுதுன்னா, ஒரு வீட்டுலேந்து அடுத்த வீட்டுக்குப் போற பயண நேரமும் குறைந்தபட்ச சம்பளக் கணக்குல வேலை நேரம்தான். நம்ம வீட்டுலேந்து முதல் வீட்டுக்குப் போறது மட்டும் சேராது. அதனால பேஸ்லிப்ல இருக்கற மொத்தப் பணத்த, பாத்துக்கறவங்க வீடுகள்ல வேலை பாத்த நேரம் கூட்டல் நடுவுல ஓட்டின நேரம், இதால வகுத்துப் பாக்கச் சொல்லுங்க, அது சட்டம் வச்ச குறைந்தபட்ச கூலிக்குக் கீழ வந்தா கம்பெனி தப்பு பண்ணுது. லிவ்-இன், ஸ்லீப்-இன் ஷிப்ட் வேற கதை, 2021-ல யூகே சுப்ரீம் கோர்ட் சொன்னபடி தூங்கற நேரத்துக்குக் குறைந்தபட்ச கூலி கணக்கு வராது, முழிச்சு வேலை பாத்த நேரத்துக்குத்தான் வரும்.

அடுத்தது ரொம்ப முக்கியம். ஹவர்ஸ் இல்ல, ஒரு மாசம் அன்பெய்டு லீவுன்னு எழுதிக் குடு, ஊருக்குப் போயிட்டு வான்னு கம்பெனி சொன்னா கையெழுத்து போடக் கூடாது. ஒரு வருஷத்துல மொத்தம் 4 வாரத்துக்கு மேல சம்பளம் இல்லாம வேலைல இல்லாம இருந்தா ஸ்பான்சர் பண்றத நிறுத்தணும்னு விதி, பிரசவம், உடம்பு சரியில்லாதது மாதிரி சில காரணத்துக்குத்தான் விலக்கு. நல்லதுன்னு நினைச்சு போடற அந்தக் கையெழுத்தே பின்னாடி விசாவுக்கு வேட்டு வைக்கும். அதுக்குப் பதிலா வாரா வாரம் ஈமெயில்ல, நான் வேலைக்குத் தயாரா இருக்கேன், காண்ட்ராக்ட்ல 39 மணி நேரம்னு இருக்கு, இந்த வாரம் 14 மணி நேரம்தான் குடுத்தீங்க, மீதி எப்போ தருவீங்கன்னு ரெண்டு வரி அனுப்பிக்கிட்டே இருக்கணும். சண்டையா எழுத வேண்டாம், மரியாதையா எழுதினா போதும், ஆனா எழுத்துல இருக்கணும். காண்ட்ராக்ட்ல மணி நேரம் உறுதி குடுத்திருந்தா, தயாரா இருந்தவருக்கு வேலை குடுக்காம விட்டாலும் சம்பளம் பாக்கிதான். 2024-ல ஒரு இந்திய கேரர் எம்ப்ளாய்மென்ட் ட்ரிப்யூனல் போயி இப்படித்தான் சம்பளம் குடுக்கச் சொல்லி உத்தரவு வாங்கினார். ட்ரிப்யூனலுக்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப் போடாம ஏகாஸ் (வேலைத் தகராறுக்கு உதவற அமைப்பு) ஹெல்ப்லைன், 0300 123 1100, அதுல கூப்பிட்டு அவங்க மூலமா ஆரம்பிக்கணும், காசு கேக்க மாட்டாங்க.

புகார் குடுத்தா கம்பெனி லைசென்ஸ் போயிடும், கூட இருக்கற 20 பேரு விசாவும் போகும்னு இவர் பயப்படறாருன்னா அந்தப் பயம் நியாயமானது, அத சும்மா தைரியமா இருங்கன்னு சொல்லித் தள்ளிவிட எனக்கு மனசு வரல. அதனால நான் சொல்ற வரிசை இது: முதல்ல வேற ஸ்பான்சர தேடணும், வேலைய விடாம தேடணும், கைல புது சிஓஎஸ் வந்தப்புறம் பழைய பாக்கிய கேக்கற வேலையப் பாக்கணும். ஆனா பாஸ்போர்ட்ட பிடுங்கி வச்சுக்கறது, மிரட்டறது, சம்பளத்த ரொக்கமா திருப்பி வாங்கிக்கறது இதெல்லாம் நடந்தா வரிசைய மறந்துடுங்க, மாடர்ன் ஸ்லேவரி ஹெல்ப்லைன் 08000 121 700, பேரு சொல்லாமலும் பேசலாம்.

வேற கம்பெனிக்கு மாறலாம், சட்டத்துல தாராளமா இடம் இருக்கு. ஏற்கனவே கேரர் விசாவுல தொடர்ந்து இருக்கறவங்களுக்கு நான் மேல சொன்ன 3 மாச விதி கிடையாது, வெளிநாட்டு ஆள் எடுக்கறத நிறுத்தினது இவங்கள தடுக்காது. சொல்லப் போனா புது ஆள் உள்ள வர முடியாததால நல்ல கம்பெனிங்க இப்போ இவர மாதிரி ஆளத்தான் தேடறாங்க, அதுவும் டிரைவிங் லைசென்ஸ் இருந்தா. புது கம்பெனி புது சிஓஎஸ் போடணும், இவர் புதுசா விசா அப்ளிகேஷன் போடணும். கம்பெனி பேரு ஹோம் ஆபிஸ் வெளியிடற ஸ்பான்சர் லிஸ்ட்ல ஏ ரேட்டிங்கோட இருக்கான்னு பாக்கணும், இங்கிலாந்தா இருந்தா சிக்யூசி சைட்ல கடைசி இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்ட படிக்கணும். முடிவு வர வரைக்கும் பழைய இடத்துலயே வேலை பாக்கலாம், புது இடத்துல முழு நேரமா சேரக் கூடாது. அப்ளிகேஷன் போட்டுட்டு ஊருக்குக் கிளம்பிடக் கூடாது, யூகேய விட்டு வெளில போனா அப்ளிகேஷன வாபஸ் வாங்கினதா எடுத்துக்குவாங்க. பொண்ணு பாக்க, கல்யாணத்துக்குன்னு போயி மாட்டினவங்க இருக்காங்க.

புது கம்பெனி சிஓஎஸ்க்கு காசு கேட்டா அந்தப் பக்கமே போகாதீங்க. சிஓஎஸ் கட்டணம் 525 பவுண்டு, அது போக கம்பெனி கட்டற ஸ்கில்ஸ் சார்ஜ், லைசென்ஸ் கட்டணம், இது எதையும் தொழிலாளி தலைல கட்டக் கூடாது, சம்பளத்துல பிடிக்கவும் கூடாது. வேலை தேடிக் குடுத்ததுக்கு ஆள் கிட்ட கட்டணம் வாங்கறது 1973-லேந்தே யூகேல சட்டவிரோதம். இவர் கட்ட வேண்டியது தன்னோட விசா அப்ளிகேஷன் பீஸ் மட்டும்தான், ஹெல்த் அண்ட் கேர் விசாங்கறதால ஹெல்த் சர்சார்ஜும் கிடையாது. உள்ளேயே சிஓஎஸ் 8,000, 10,000 பவுண்டுன்னு விக்கறவன் நம்ம மொழி பேசறவனாவும் இருப்பான், கோயில்ல பாத்துப் பழகினவனாவும் இருப்பான், பாத்து.

நடுவுல கைச்செலவுக்கு ஒரு நியாயமான வழி இருக்கு. ஸ்பான்சர் வேலை தொடர்ந்துக்கிட்டு இருக்கும்போது அந்த ஷிப்டுக்கு வெளில வாரத்துக்கு 20 மணி நேரம் வரைக்கும் வேற கேர் கம்பெனில வேலை பாக்கலாம், ஹோம் ஆபிஸ்க்குத் தனியா எழுத வேண்டாம். இதுல ஒரு லாபம் என்னன்னா, அந்த ரெண்டாவது கம்பெனி இவரோட வேலைய பாத்துட்டு அவங்களே ஸ்பான்சர் பண்ண முன்வருவாங்க, எங்க பக்கம் நல்லபடியா மாறின ஆளுங்க பாதிக்குப் பாதி இப்படித்தான். ஸ்பான்சர் வேலை நின்னா இந்த 20 மணி நேரமும் அன்னைக்கே நின்னுடும். கார் வாஷ், டெலிவரி, கடைல ரொக்கத்துக்குன்னு போகவே வேண்டாம், பிடிபட்டா முதலாளிக்கு முதல் தடவையே ஒரு ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம், இவருக்கு விசாவே காலி.

ஒருவேளை கம்பெனி லைசென்ஸே போயிட்டாலோ, வேலைய விட்டு எடுத்துட்டாலோ, கம்பெனி 10 வேலை நாளுக்குள்ள ஹோம் ஆபிஸ்க்குச் சொல்லணும், அதுக்கப்புறம் இவருக்கு ஒரு கடிதம் வரும், விசா இத்தனாம் தேதியோட முடியுதுன்னு, சாதாரணமா 60 நாள் குடுப்பாங்க, விசாவுல பாக்கி அதுக்கும் கம்மியா இருந்தா அந்த அளவு. வேலை போன நாள்லேந்து 60 நாள் எண்ணி பயந்துட்டு ஊருக்கு டிக்கெட் போட வேண்டாம், அந்தக் கடிதத்துல இருக்கற தேதிதான் கணக்கு. அந்தத் தேதிக்குள்ள புது சிஓஎஸ்ஸோட அப்ளிகேஷன் போட்டுட்டா முடிவு வர வரைக்கும் சட்டப்படி இருக்கலாம். இங்கிலாந்துல இப்படி ஸ்பான்சர் இழந்தவங்களுக்கு வேற கம்பெனிய சேத்து விட ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு அமைப்பு வச்சிருக்காங்க, ஹோம் ஆபிஸே அவங்க விவரத்த அனுப்பும், வந்தா அன்னைக்கே பதில் போடணும்.

ஆனா அந்தக் கடிதம் இப்போ ஈமெயில்ல வருது, இங்கதான் நிறைய பேரு கவுந்துட்டாங்க. விசா போட்டப்போ ஏஜென்ட் தன்னோட ஈமெயில் ஐடியையும் போன் நம்பரையும் போட்டிருப்பான், கடிதம் ஏஜென்ட்டோட இன்பாக்ஸ்ல தூங்கும், இவருக்கு 60 நாளும் முடிஞ்சப்புறம் தெரியும். 2024 கடைசிலேந்து பிளாஸ்டிக் கார்டெல்லாம் போயி எல்லாம் இ-விசாதான், அதனால இன்னைக்கு ராத்திரியே யூகேவிஐ (ஹோம் ஆபிஸோட விசா பிரிவு) அக்கவுன்ட்டுக்குள்ள போயி தன்னோட சொந்த ஈமெயில், சொந்த நம்பர், இப்போ இருக்கற பாஸ்போர்ட் நம்பர் இருக்கான்னு பாத்து மாத்தச் சொல்லுங்க. உள்ள போகவே முடியலன்னா அக்கவுன்ட் ரெக்கவரி பண்ணணும், அத விட்டுட்டு வேற எந்த வேலையும் வேண்டாம்.

ஆலோசனைக்கு யார் கிட்ட போனாலும் சொலிசிட்டரா, இல்ல இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டில பதிவு பண்ணவரான்னு லிஸ்ட்ல பாத்துட்டுப் போகணும், பதிவு இல்லாம இமிக்ரேஷன் ஆலோசனை சொல்லி காசு வாங்கறது இங்க குற்றம். நான் எழுதறது பொது விவரம்தான், அவரோட பேப்பர பாத்து முடிவு சொல்ல வேண்டியது அவங்கதான்.

பிஆர், அதாவது நிரந்தரமா தங்கற அனுமதி பத்தியும் ஒரு வரி கேட்டிருந்தீங்க. இந்த விசாவுக்கு 5 வருஷம்னு சொல்லித்தான் எல்லாரையும் கொண்டாந்தாங்க. 2025 நவம்பர்ல அரசாங்கம் வெளியிட்ட திட்டத்துல கேரர் மாதிரி வேலைக்கு அத 15 வருஷமா நீட்டலாம்னு முன்மொழிஞ்சிருக்காங்க, அதுவும் ஏற்கனவே உள்ள இருக்கறவங்களையும் சேத்து. கொரோனா முடிஞ்ச கையோட வந்து இவங்க நாட்டு அப்பா அம்மாவ தூக்கிக் குளிப்பாட்டினவங்களுக்கு நடுவழில கணக்க மாத்தறது அநியாயம்னுதான் நான் நினைக்கறேன், எங்க யூனியன்லயும் அதத்தான் பேசறோம். அது எப்படி முடிஞ்சாலும் இவரோட கேஸுக்குத் தேவை இடைவெளி விழாத விசாவும் ஒவ்வொரு மாச பேஸ்லிப்பும்தான், பேஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், ரோட்டா ஸ்க்ரீன்ஷாட் எல்லாத்தையும் கம்பெனி போன்ல வைக்காம தன்னோட ஈமெயிலுக்கு அனுப்பி வச்சுக்கச் சொல்லுங்க.

அவர் மனைவிய கூட்டிட்டு வர முடியுமான்னு கடைசில கேட்டிருக்கீங்க. அவருக்கு முதல் கேரர் விசா எந்தத் தேதில கிடைச்சதுன்னு எழுதலையே, ரெண்டு வருஷம் முன்னாடின்னு மட்டும் சொன்னா பத்தாது. 2024 மார்ச் 11-க்கு முன்னாடியே இந்த விசாவுல இருந்து, நடுவுல விடாம தொடர்ந்து இருக்கார்னா கம்பெனி மாறினாலும் மனைவிக்கு அப்ளை பண்ணலாம், அந்த மனைவி இங்க எந்த ஸ்பான்சரும் இல்லாம எந்த வேலைக்கும் போகலாம். அந்தத் தேதிக்கு அப்புறம்னா முடியாது. அந்தத் தேதியும், சிஓஎஸ்ல இருக்கற மணி நேரமும் சம்பளமும் கேட்டு எழுதுங்க, மிச்சத்த அத பாத்துட்டு சொல்றேன்.